கிறவல் வீதியிலும் தலை குனியாத சைக்கிள் லைற்

முன் லைற் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. விசுவமடுவில் வாய்க்கால் கரையோடு போகிற கிறவல் வீதியை இருட்டில் முழுக்க ஓடிப் பார்த்தேன், வெளிச்சம் வைத்த இடத்திலேயே நின்றது. எதிரே வந்த மோட்டார் சைக்கிள்காரர் ஒருவர்கூட ஹெட்லைற்றை அடித்து அடித்துக் காட்டவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து நடக்கவேண்டும் என்றுதான் இவ்வளவு நாளும் மினக்கெட்டேன், அதனால் சந்தோஷத்தோடு எழுதுகிறேன். பின் லைற் இன்னும் அரைவாசியில் நிற்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூவாயிரம் ரூபாவுக்கு மேலே போவதில்லை என்று முதலே முடிவெடுத்திருந்தேன். அந்தக் காசுக்குள் கிளிநொச்சியில் பார்த்தாலும் வவுனியாவில் பார்த்தாலும் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரே சாமான்தான். யூஎஸ்பியில் சார்ஜ் ஏறுகிற சின்ன லைற், ஹோர்னும் சேர்ந்து வருகிற பிளாஸ்ரிக் லைற், இல்லாவிட்டால் ஒரு ரோச்சும் அதை ஹாண்டிலில் பிடித்து வைக்க ஒரு கவ்வியும். ஹோர்ன் வைத்தவற்றைக் கையிலும் எடுக்காதீர்கள். அதே காசில் பாதி ஹோர்னுக்குப் போய்விடும், எங்கள் வீதியில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடு எந்த ஹோர்னுக்கும் எழும்பாது.

பெட்டியில் போட்டிருக்கிற லூமன் கணக்கை நம்பி வாங்கவேண்டாம் என்று எல்லாரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்வதில்லை. லூமன் என்பது லைற்றிலிருந்து எல்லாப் பக்கமும் போகிற மொத்த வெளிச்சம். உங்களுக்கு வேண்டியது வீதியில் விழுகிற வெளிச்சம், அதை லக்ஸில் அளப்பார்கள். மரத்தின் கொப்பில் விழுகிற வெளிச்சமும் லூமனில் சேரும், ஆனால் குழி தெரியாது. மலிவு ரோச்சுகளில் 'ரி6' என்று பெரிதாக அச்சடித்திருக்கும். அது அமெரிக்காவின் கிறீ கொம்பனி தன்னுடைய எக்ஸ்எம்-எல் என்ற எல்ஈடியைத் தரம் பிரித்தபோது ஒரு தரத்துக்கு வைத்த குறி. 700 மில்லி அம்பியர் கொடுத்தால் குறைந்தது 280 லூமன் தரவேண்டும் என்பதுதான் அதன் கருத்து. இப்போது அந்தக் குறி உள்ளே என்ன எல்ஈடி இருந்தாலும் எல்லா ரோச்சிலும் ஏறிவிட்டது.

செல் விஷயமும் அப்படித்தான். இந்த ரோச்சுகளுக்குள் போடுகிற, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறுகிற 18650 என்ற அளவுச் செல்லில் நல்லது 3500 மில்லி அம்பியர் மணிக்குக் கிட்டத்தான் பிடிக்கும். 9900 என்று அச்சடித்து வருவதெல்லாம் வெறும் அச்சு. அவற்றைக் கடையிலேயே பிடித்துவிடலாம், நிறுத்துப் பாருங்கள். நல்ல செல் 45 கிராமுக்குக் கிட்ட இருக்கும். 30 கிராமும் இல்லாத செல்லுக்குள் என்ன இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் வாங்கிய ரோச்சோடு வந்த செல் அப்படிப்பட்டதுதான், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழைய லப்ரொப் பற்றரியிலிருந்து கழற்றிய இரண்டு செல்லைச் சோதித்து எடுத்தேன். 2500 மில்லி அம்பியர் மணி பிடிக்கிற செல்லில் கிட்டத்தட்ட 9 வாற் மணி இருக்கும். லைற் 3 வாற் இழுத்தால் மூன்று மணித்தியாலம். பரந்தன் சந்திக்குப் போய்த் திரும்ப அது தாராளம்.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். ஜேர்மனியில் இருக்கிற மச்சான் போன முறை வந்தபோது அங்கே ஓடுகிற சைக்கிள் லைற் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அடியில் கே என்ற எழுத்தும் ஓர் இலக்கமும் பொறித்திருக்கும், அந்த நாட்டுச் சட்டப்படி சோதித்தது என்பதற்கு அடையாளம். அதைச் சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் நேராக நிற்கிறது. கோட்டுக்கு மேலே இருட்டு, கீழே பளீர். கார் லைற்றைப்போல எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் முழு வெளிச்சமும் வீதியிலேயே விழுகிறது. அங்கே அதன் விலையை நம் காசுக்கு மாற்றினால் என் மூவாயிரத்தில் அதன் கவ்விகூட வராது. ஆனால் அதைப் பார்த்தபிறகுதான் மலிவு ரோச்சை எப்படித் திருத்தவேண்டும் என்பது பிடிபட்டது.

வெளிச்சத்தைப் பதித்து வைக்கும் முறையும் அங்கிருந்து வந்ததுதான். அவர்களுடைய பழைய விதி, லைற்றிலிருந்து 5 மீற்றர் தூரத்தில் வெளிச்சத்தின் நடு, லைற் இருக்கிற உயரத்தில் பாதிக்கு இறங்கியிருக்கவேண்டும் என்றது. அப்படி வைத்தால் நடு வெளிச்சம் 10 மீற்றரில் நிலத்தைத் தொடும். எனக்கு அது கொஞ்சம் கிட்ட. மணிக்கு 20 கிலோமீற்றரில் ஓடினால் ஒரு செக்கனுக்கு ஐந்தரை மீற்றர் போகிறோம். மாடு கிடப்பதைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஒரு செக்கன் போய்விடும், பிறகு நிற்க இன்னும் நாலைந்து மீற்றர், மழையில் கம்பிப் பிரேக் என்றால் அதற்கும் மேலே. அதனால் நான் 15 மீற்றருக்கு வைத்தேன். என் லைற் நிலத்திலிருந்து 85 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, 5 மீற்றர் தள்ளியுள்ள சுவரில் நடு வெளிச்சம் 57 சென்ரிமீற்றரில் விழவேண்டும். சுவரில் கரிக்கட்டியால் இரண்டு கோடு கீறிக்கொள்ளுங்கள், ஒன்று 57இல், மற்றது 85இல். பளிச்சென்ற வட்டத்தின் மேல்விளிம்பு மேல்கோட்டைத் தாண்டவே கூடாது. தாண்டினால் எதிரே வருகிறவரின் கண்ணுக்கு அது போகிறது என்று கருத்து.

இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள், பின் ஸ்ராண்டில் சைக்கிளை நிறுத்திவைத்து அளக்காதீர்கள். ஸ்ராண்ட் பின் சில்லைத் தூக்கும், முன்பக்கம் சாயும். சில்லு 5 சென்ரிமீற்றர் தூக்கினாலே சுவரில் ஒரு சாண் வித்தியாசம் வந்துவிடும். ஆளை ஏற்றி, இரண்டு சில்லும் நிலத்தில் இருக்க அளக்கவேண்டும். நான் தங்கச்சியின் மகனை ஏற்றி வைத்துத்தான் அளந்தேன்.

இனிக் கவ்வி. என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். கடையில் தருகிற பிளாஸ்ரிக் கவ்வி தார் வீதியில் நன்றாகத்தான் நிற்கும். கிறவலில் ஏறியதும் ஒவ்வொரு அடிக்கும் ரோச் மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போடும், கடைசியில் முன் சில்லுக்குத்தான் வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும். ரியூப்பை வெட்டி இடையில் வைத்து இறுக்கலாம் என்பார்கள். றப்பர் வழுக்காது, அது உண்மை, ஆனால் அதுவே நசிந்து நிமிர்ந்து ரோச்சைத் துள்ள வைக்கிறது, வெயிலில் கிடந்தால் காய்ந்து வெடிக்கவும் செய்யும். விஷயம் பாரத்தில்தான் இருக்கிறது. செல்லோடு சேர்த்து 150 கிராம் ரோச், அதன் பாரம் முழுக்கக் கவ்விக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் அது இறங்கியே தீரும்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஐயாதான் வழி சொன்னார். "தம்பி, ஹாண்டிலை விடும். அந்தக் காலத்தில டைனமோ லைற் பூட்டின தட்டு கழுத்தில கிடக்குதெல்லே, அதில பூட்டும்." பழைய லுமாலா சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரும்புத் தட்டைத் தெரியும், ஹாண்டில் தண்டு இறங்குகிற இடத்தில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் பிரேம் வெட்டிய கடையில் கிடந்த அலுமினியத் துண்டு ஒன்றை எடுத்து, எல் வடிவில் மடித்து, 10ஆம் நம்பர் சாவி போடுகிற போல்ற் ஒன்றால் தட்டில் பூட்டினேன். நட் சாதாரண நட் இல்லை, உள்ளே நைலோன் வளையம் வைத்த நட். அதிர்வுக்கு அது கழராது. ரோச்சை அலுமினியத்தோடு இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினேன், றப்பர் எதுவும் இடையில் வைக்கவில்லை. ரோச்சின் பாரத்தின் நடு போல்ற்றுக்கு நேர் மேலே வரும்படி முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தேன், விரலில் தூக்கிப் பார்த்தாலே அந்த இடம் தெரியும். அதோடு தலையாட்டம் நின்றுபோயிற்று.

உயரம் குறைந்ததில் ஒரு நன்மையும் வந்தது. லைற் கண்ணுக்கு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழியின் நிழல் நீண்டு கறுப்பாகத் தெரியும். தலையில் கட்டுகிற ரோச்சில் நிழல் குழிக்குப் பின்னால் மறைந்துவிடும், வீதி முழுக்க ஒரே மட்டமாகத் தெரியும், அது சைக்கிள் ஓட்டத்துக்கு ஆபத்து. முன்னுக்குக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் என்றால் கழுத்தில் பூட்ட முடியாது, கூடையின் முன்விளிம்புக்குக் கீழே ஒரு தட்டு வைத்துப் பூட்டவேண்டியதுதான்.

மேலே சிதறுகிற வெளிச்சத்துக்கு மீன் ரின்னை வெட்டி ஒரு முகடு செய்து போட்டேன். ரோச்சின் வாயிலிருந்து நாலு விரல் நீட்டினால் காணும். உட்பக்கத்தில் பளபளப்பைக் கெடுக்காமல் விட்டால், மேலே போகவேண்டிய வெளிச்சம் திரும்பி வீதியில் விழும். நடுவட்டத்தை இது வெட்டாது, அதற்குச் சுவர்க்கோடுதான். மேல்கீழாக 10 பாகையும் பக்கவாட்டில் 60 பாகையும் விரிகிற நீள்வட்ட லென்ஸ் இணையத்தில் மலிவாகக் கிடக்கிறது. அது வந்தால் முகடே தேவைப்படாது, வெளிச்சம் அகலமாகவும் மெல்லியதாகவும் படுக்கும். ஓடர் போட்டாயிற்று, வரட்டும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. மதகில் ஏறி விழுந்தால் லைற் தானாகவே மின்னத் தொடங்கும், அடுத்த குழியில் மங்கும். செல் ஒரு கணம் ஸ்பிறிங்கை விட்டு விலகினால், நாம் சுவிச்சைத் தட்டியதாக ரோச் நினைத்து அடுத்த நிலைக்குப் போய்விடுகிறது. ஸ்பிறிங்கை இழுத்து நீட்டி, செல்லைச் சுற்றி விசிற்றிங் காட் மட்டையைச் சுருட்டிச் செருகினேன். இப்போது செல் உள்ளே ஆடாது. அதோடு ஸ்பிறிங்கின் மேலும் கீழும் மெல்லிய செப்பு வயரை ஈயம் வைத்துப் பொருத்தினேன், வெளிச்சமும் ஒரு சொட்டுக் கூடினதுபோலத்தான் இருக்கிறது. ரோச் வாங்கும்போது ஐந்து நிலை, ஆபத்துக்கு மின்னிக் காட்டுகிற எஸ்ஓஎஸ் எல்லாம் இல்லாமல், போட்டால் எரியும் அணைத்தால் அணையும் என்கிற ஒன்று கிடைத்தால் விடாதீர்கள், அதுதான் சைக்கிளுக்கு உகந்தது.

டைனமோவையும் மறக்கவில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி வன்னிக்குள் வராத சாமான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் ரேடியோவில் செய்தி கேட்டார்கள். அந்த 6 வோல்ற், 3 வாற் டைனமோ இன்றைய எல்ஈடிக்கு அளந்து செய்ததுபோலவே பொருந்தும், ஏனென்றால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது அரை அம்பியருக்கு மேலே அதிகம் போகாது. நாலு டயோட், ஒரு கப்பாசிற்றர், ஒரு 3 வாற் எல்ஈடி போதும். கப்பாசிற்றர் மட்டும் 35 வோல்ற்றோ அதற்கு மேலேயோ தாங்குகிறதாக இருக்கட்டும், எல்ஈடி வயர் கழன்றால் வோல்ற்றேஜ் எகிறும். மழையில் ரயரில் வழுக்குகிறது என்பதுதான் அதன் குறை, நின்றால் வெளிச்சமும் நிற்கும். டயோட், கப்பாசிற்றருக்கு நான் கொழும்பு போகிறவர்களிடம் சொல்லி புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எடுப்பிப்பேன், இங்கே கடைகளில் ஒன்று வாங்குகிற காசுக்கு அங்கே ஒரு பிடி வரும். 2022இல் பெற்றோல் வரிசை நீண்டபோது ஏறின சைக்கிள் சாமான் விலை எங்கள் பக்கம் இன்னும் பழையபடி இறங்கவில்லை, அதனால் இப்படிச் சேர்த்து எடுப்பிப்பதுதான் கட்டும்.

இனிப் பின் லைற். கிறவல் வீதிக்கு முன் லைற் முக்கியம், ஆனால் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மணல் டிப்பர் பின்னால் வரும்போது உயிர் பின் லைற்றில்தான் இருக்கிறது. சீற்றுக்குக் கீழே பூட்டச் சொல்லித்தான் எல்லாப் பெட்டியிலும் படம் போட்டிருக்கிறது. எங்கள் கரியரில் நெல்லு மூட்டையோ ஆட்டுக்குக் குழையோ ஏறினால் அந்த லைற் முழுக்க மறைந்துவிடும். அதனால் மட்காட்டின் வால்பக்கம், வலது கைப் பக்கமாகத் தள்ளிப் பூட்டவேண்டும், வாகனம் அந்தப் பக்கத்தால்தான் முந்தும். மின்னுகிற லைற்றை நான் விரும்புவதில்லை, தெருவிளக்கில்லாத வீதியில் மின்னுவதை வைத்துச் சைக்கிள் எவ்வளவு தூரத்தில் போகிறது என்று மதிக்க முடியாது. நின்று எரிகிற சிவப்பு ஒன்று, கீழே சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்று, பெடல்களில் மஞ்சள் ரிஃப்ளெக்டர். மேலும் கீழும் போகிற அந்த மஞ்சளைக் கண்டால் எந்த டிரைவருக்கும் சைக்கிள் என்று விளங்கும். லொறிக்கு ஒட்டுகிற சிவப்பு வெள்ளை ரிஃப்ளெக்டர் ஸ்ரிக்கரைக் கரியர் கம்பியில் இப்போதே ஒட்டிவிட்டேன், முழுச் செலவிலும் மலிவானது அதுதான்.

நிற்கிற இடம் இதுதான், மட்காட் தகரம் அதிர்கிறது, போல்ற் துளையைச் சுற்றி மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. உட்பக்கம் ஒரு ரூபாக் குத்தி அளவில் தடித்த வாஷர் வைத்து, வெளிப்பக்கம் கரியர் காலிலிருந்து ஒரு தாங்கு கம்பி இறக்கினால் நிற்கும் என்று நினைக்கிறேன், இந்தக் கிழமை அதைத்தான் செய்யப் போகிறேன். மாரி தொடங்குவதற்கு முதல் டைனமோவையும் பூட்டிவிட ஆசை. விசுவமடு, தர்மபுரம், புதுக்குடியிருப்புப் பக்கம் யாரிடமாவது பழைய டைனமோ கிடந்தால் சொல்லுங்கள், தலை சுழன்றால் போதும், வயரும் கவ்வியும் என்னிடம் இருக்கின்றன.