நடக்காமல் உட்கார்ந்துவிட்ட குஞ்சு

ஒன்பதாம் நாள் காலையில் பெட்டியின் மேல் போட்டிருந்த வலையை எடுத்ததும் மூன்று கூஸ் வாத்துக் குஞ்சுகள் வழக்கம்போல என் கையைப் பார்த்து ஓடி வந்தன, நான்காவது வரவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிக் கத்துகிறது, எழப் பார்க்கிறது, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறது. கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு காலிலும் நடு மூட்டு லேசாகத் தடித்திருந்தது, பாதங்கள் உள்பக்கமாக வளைந்திருந்தன. முந்தின நாள் சாயங்காலம் வரை என் செருப்பைத் துரத்திக்கொண்டு வந்த குஞ்சு அது. அன்று காலை எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

கூஸ் வாத்துக் குஞ்சு வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கால் விஷயத்தைத்தான். கூஸ் குஞ்சு என்பது கொஞ்சம் பெரிய கோழிக்குஞ்சு இல்லை. குஞ்சுத் தீவனம்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்து நான் கோழிக்குஞ்சுத் தீவனத்தையே போட்டு வந்தேன். அதில் நியாசின் போதாது. நியாசின் என்பது வைட்டமின் பி3. கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீவனத்தில் சுமார் 30 மில்லிகிராம் இருந்தால் சமாளித்துக்கொள்ளும், கூஸ் குஞ்சுக்கு முதல் நான்கு வாரத்தில் 65 மில்லிகிராம் வரை வேண்டும். மற்ற சத்திலிருந்து நியாசினைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் திறன் வாத்தினத்துக்குக் குறைவு, ஆனால் வளர்ச்சியோ அசுர வேகம். உடம்பு கனத்துக்கொண்டே போகிறது, அதைத் தாங்க வேண்டிய கால் பின்தங்கிவிடுகிறது.

கால்நடை மருத்துவர் பார்த்த உடனே கேட்டது இரண்டே கேள்வி. என்ன தீவனம், பெட்டிக்குள் கீழே என்ன விரித்திருக்கிறீர்கள்? செய்தித்தாள் என்றேன். அதுவும் தப்பு. செய்தித்தாள் ஈரமானால் வழவழவென்று ஆகிவிடும், குஞ்சின் கால் இரண்டு பக்கமும் வழுக்கி விரிந்துகொண்டே இருக்கும், நாள்பட்டால் கால் விரிந்தபடியே தங்கிவிடும். அன்றே தாளை எடுத்துவிட்டுப் பழைய துண்டுகளை விரித்தேன், ஒரு வாரம் கழித்து மரச்சீவல். தீவனத்தை லேசாக ஈரமாக்கி அதில் ப்ரூவர்ஸ் ஈஸ்ட் தூளைப் பிசறி வைத்தேன், அது நியாசின் நிறைந்த ஈஸ்ட். மருத்துவர் சொன்ன அளவில் தண்ணீரிலும் நியாசின் கலந்தேன். மூன்றாம் நாள் அது எழுந்து, நாலு எண்ணும் வரை நின்றது. ஆறாம் நாள் தீவனத் தட்டு வரை தானாக நடந்து வந்தது. நடந்து வந்து முதல் வேலையாக என் மோதிர விரலைப் பிடித்துக் கடித்தது, அந்தக் கடியை நான் இப்போதும் மறக்கவில்லை. சீக்கிரம் கவனித்ததால்தான் பிழைத்தது. மூட்டு ஒரேயடியாக வீங்கிக் கோணிப்போன பிறகு எவ்வளவு கொடுத்தாலும் கால் முழுசாகத் திரும்புவது கஷ்டம், அதனால் ஒரு குஞ்சு அடிக்கடி உட்காருகிறது, மற்றவற்றுக்குப் பின்னால் வருகிறது என்று தோன்றினாலே அன்றைக்கே பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சூடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். ஆனால் தெர்மாமீட்டரை விடக் குஞ்சுகளே சரியாகச் சொல்லும். சூட்டுக்காகப் பெட்டிக்கு மேல் தொங்கவிடும் விளக்கின் அடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்கிறது, ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படுத்துக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடாக இருக்கட்டும், அவை வேண்டிய இடத்துக்கு நகர்ந்துகொள்ளும். விளக்கை மட்டும் ஒயரில் தொங்கவிடாதீர்கள், சங்கிலியில் இறுகக் கட்டுங்கள். மரச்சீவல் மேல் விழுந்தால் தீப்பிடிக்கும்.

தண்ணீரில்தான் நிறைய பேர் ஏமாறுவது. வாத்தினம்தானே, பிறந்ததும் நீந்தும் என்று தொட்டியில் விட்டுவிடுகிறார்கள். தாயோடு இருக்கும் குஞ்சு நீந்தும், ஏனென்றால் அது தாயின் சிறகுக்குள் புகுந்து புகுந்து அந்த எண்ணெய்ப் பூச்சு அதன் மேலும் ஒட்டிக்கொள்கிறது. பொரிப்பானில் பொரித்த குஞ்சின் மஞ்சள் பஞ்சுக்கு அந்தக் காப்பு இல்லை, நனைந்தால் ஊறிக் கனத்துவிடும், நடுங்கியே செத்துப்போகும். நான் முதல் இரண்டு வாரம் வெதுவெதுப்பான தண்ணீரை அகலமான கிண்ணத்தில் கால் நனையும் அளவுக்கு ஊற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்து, சில நிமிடம் மட்டும் விட்டேன். எடுத்ததும் துடைத்து நேராக விளக்கடிக்கு. குடிக்கிற தண்ணீர் வேறு கணக்கு. அலகு முழுக்க, மூக்குத் துளை வரைக்கும் முங்குகிற ஆழம் வேண்டும். மூக்கையும் கண்ணையும் கழுவிக்கொள்ள அதற்கு வேறு வழி கிடையாது. தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், ஒரு வாய் தின்னும், ஒரு வாய் குடிக்கும், அப்படித்தான் அதற்கு இறங்கும்.

அப்புறம் புல். கூஸ் புல் மேயும் பறவை. குஞ்சுகூட நாலைந்து நாளிலேயே புல்லைக் கடித்து இழுக்கும். அலகு ஓரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பொடிப்பொடியான ரம்பம் மாதிரி இருக்கும், நாக்கின் ஓரத்திலும் முள் முள்ளாக இருக்கும். புல்லின் நுனியைப் பிடித்து, தலையை ஒரு வெட்டு வெட்டும், சரக்கென்று அறுந்து வரும். இளம்புல்லைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள், கூடவே கொஞ்சம் பொடி மணல் வைத்துவிடுங்கள், அரைப்பதற்கு அது வேண்டும். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ பட்ட புல் வேண்டவே வேண்டாம். மூன்று வாரத்துக்குப் பிறகு தீவனத்தின் புரதத்தையும் குறைத்து, சுமார் 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, மேய்ச்சலைக் கூட்டிவிட வேண்டும். சத்து மிஞ்சினால் இறகு வேகமாக வளர்ந்து, அந்தப் பாரம் தாங்காமல் சிறகு நுனி வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். ரொட்டித் துண்டு போட்டுப் பழக்குகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் சொன்னாலும், குஞ்சு வாங்குவதற்கு முன்னால் உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று. உங்களால் வீட்டில் இருக்க முடியுமா? பொரிந்து வந்த முதல் நாளில் எதைப் பார்க்கிறதோ அதைத் தாயாகப் பற்றிக்கொள்ளும் குஞ்சு இது. ஆஸ்திரியாவின் கொன்ராட் லோரன்ஸ் 1930களில் காட்டுக் கூஸ் குஞ்சுகளைத் தானே வளர்த்து இதைக் கவனித்து எழுதினார், அவை அவர் பின்னாலேயே வரிசையாக நடந்தன. 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். படிக்கும்போது அழகாக இருந்தது. வீட்டில் நடக்கும்போதுதான் அதன் கனம் தெரிந்தது. நான் அடுத்த அறைக்குப் போனால் நாலும் சேர்ந்து ஒரு கூர்மையான கத்தல் கத்தும், தொலைந்துபோன குஞ்சின் கத்தல். "இங்கேதான் இருக்கேன்டா" என்று குரல் கொடுத்தால் சட்டென்று கிசுகிசுப்புக்கு மாறிவிடும். முதல் வாரம் இரவில் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தேன். என் மகள், "அம்மா, அதுங்க உன்னோட மூச்சு சத்தம் கேட்டுத்தான் தூங்குது" என்பாள். அவள் சொன்னது சரிதான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து ஒற்றைக் குஞ்சு வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு வேண்டும். நாம் எவ்வளவு நேரம் கூட இருந்தாலும் இன்னொரு குஞ்சின் உடம்புச் சூட்டுக்கு ஈடாகாது. இருபது வருடம் கூட இருக்கக்கூடிய உயிர், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பத்து வாரம். மஞ்சள் பஞ்சு எல்லாம் போய் இறகு முழுசாக வந்துவிட்டது, வெளியில்தான் படுக்கின்றன. குரலும் உடைந்துவிட்டது, கிசுகிசுப்பு போய்க் கரகரவென்று ஒரு ஒலி. அந்த நான்காவதின் இடது பாதம் மட்டும் இன்னும் ஒரு துளி உள்பக்கம் பார்க்கிறது, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். சாயங்காலம் நான் கதவைத் திறந்து "இங்கேதான் இருக்கேன்டா" என்றால், அந்தக் கரகரத்த தொண்டையிலிருந்தே பழைய குஞ்சுக் குரல் ஒரு நொடி எட்டிப் பார்க்கிறது.