முதல் டிஜிட்டல் ஹாம் ரேடியோ வாங்கறதுக்கு முன்னாடி

ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கா பேசற அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் கைக்கு வந்த வேகத்துல, டிஎம்ஆர்ங்கற டிஜிட்டல் முறையில பேசற ஒரு ஹேண்ட்ஹெல்ட் வாங்கிட்டேன், ஆனா ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேச முடியல. ரேடியோல ஒரு கோளாறும் இல்ல, எனக்கு எட்டுற ஒரே ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி தூரத்துக்கு மறுபடி அனுப்பற நிலையம்) டி-ஸ்டார்ங்கற வேற டிஜிட்டல் முறையில ஓடுது, அவ்வளவுதான் விஷயம். டி-ஸ்டார் ஜப்பான் அமெச்சூர் ரேடியோ லீக் கொண்டுவந்தது, ஃப்யூஷன்ங்கற இன்னொரு முறை யேசு கம்பெனியோடது, டிஎம்ஆர் கம்பெனிகளோட வாக்கிடாக்கிக்காக 2005ல வந்த ஐரோப்பிய ஸ்டாண்டர்ட், இதுல ஒண்ணு பேசறது இன்னொண்ணுக்கு நேரடியா கேக்கவே கேக்காது. அதனால மாடல் பாக்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு எட்டற ரிப்பீட்டர் எதுல ஓடுதுன்னு பாருங்க.

ரிப்பீட்டரே இல்லன்னா ஹாட்ஸ்பாட் போதும். அது ராஸ்பெர்ரி பைங்கற குட்டி கம்ப்யூட்டர் மேல உக்கார்ற ஒரு சின்ன ரேடியோ போர்டு, பவர் சும்மா 10 மில்லிவாட் மாதிரிதான், மிச்ச தூரத்தை வீட்டு இன்டர்நெட் பாத்துக்கும். அதனால அதிக வாட்ஸ் உள்ள ரேடியோ தேடி அலைய வேணாம், லோ பவர்ல வெச்சாலே தாராளம்.

டிஎம்ஆர்ல நிஜமான வேலை கோட்பிளக், அதாவது ரேடியோக்குள்ள ஏத்தற சேனல் செட்டிங் ஃபைல்தான். ஒரு 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல்ல ரெண்டு டைம்ஸ்லாட் (நேரத்தைப் பங்கு போட்ட ரெண்டு பாதை) மாத்தி மாத்தி ஓடும், அதுக்கு மேல கலர்கோடு (ரிப்பீட்டரோட பொருந்த வேண்டிய ஒரு எண்), டாக்குரூப் (பேசற குழுவோட எண்), கால்சைனை (லைசென்ஸோட வர்ற அடையாளப் பேர்) வெச்சு வாங்கற 7 இலக்க ஐடி, இதுல ஒண்ணு தப்பா இருந்தாலும் ரேடியோ கம்முனு இருக்கும், ஏன்னு சொல்லாது. அதனால ரெடிமேட் கோட்பிளக் போடாம, ஒரே ஒரு சேனல் நீங்களே எழுதி, பிராண்ட்மைஸ்டர்ங்கற டிஎம்ஆர் நெட்வொர்க்ல 9990க்கு பிரைவேட் கால் போடுங்க, அது பேரட், நீங்க பேசினதை அப்படியே திருப்பிச் சொல்லும்.

நானும் ஹாட்ஸ்பாட்தான் வெச்சேன், எல்லாம் சரியா இருந்தும் குரல் உடைஞ்சு உடைஞ்சு வந்துச்சு. ஹாட்ஸ்பாட் டாஷ்போர்டுல பிஇஆர்னு (வர்ற டேட்டால எவ்வளவு பிழைன்னு) ஒரு சதவீதம் காட்டும்ல, அது 4க்கு மேல. போர்டுல இருக்கற ஆஸிலேட்டர் (அலைவரிசையை உண்டாக்கற பாகம்) சில நூறு ஹெர்ட்ஸ் தள்ளி நின்னா இப்படி ஆகும், அதைச் சரிக்கட்டற ஆர்எக்ஸ் ஆஃப்செட் செட்டிங்கை 50, 50 ஹெர்ட்ஸா நகத்தி நகத்திப் பாத்தேன், பிஇஆர் 1க்குக் கீழ வந்ததும் பேரட்ல என் குரல் தெளிவா கேட்டுச்சு, அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல!

டாக்குரூப்ல ஏறினதும் உடனே பிடிடி (பேசறதுக்கான பட்டன்) அமுக்காதீங்க, கொஞ்ச நேரம் கேளுங்க, ஒருத்தர் முடிச்சதும் ரெண்டு செகண்ட் விட்டுப் பேசுங்க, அந்த இடைவெளியிலதான் புதுசா ஒருத்தர் உள்ள வர முடியும்.