சாயப்பட்டறைச் சலானும் சுவரில் ஒட்டிய சீட்டுகளும்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனிக்கு ஜாப் ஒர்க், அதாவது சரக்கை வெளியே கொடுத்து வேலை செய்து வாங்குவதன் கணக்கு பார்க்கும் மென்பொருள் எழுதும் வேலை. முதலில் நிகழ்வுகளைத்தான் பிடித்தோம். நூல் நிட்டிங்குக்குப் போனது, துணி டையிங்குக்குப் போனது, ஷேட் (சாயத்தின் நிறம்) ஓகே ஆனது, கட்டிங் தொடங்கியது என்று சீட்டு எழுதிச் சுவரில் வரிசையாக ஒட்டினோம். மீட்டிங் என்றாலே வாய் திறக்காத ஃபிட்டர்கூட எழுந்து வந்து வரிசையை மாற்றி ஒட்டினார். வேலையைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

டையிங்கில் வந்து முட்டிக்கொண்டது. மெஷின் நிறைய வேண்டும் என்பதற்காக, ஒரே கலர் என்றால் இரண்டு ஆர்டர் துணியைச் சாயப்பட்டறையில் ஒரே லாட்டாகப் போட்டுவிடுவார்கள். ஷேட் ஒத்துவராத ரோல்கள் மட்டும் ரீடையிங்குக்குத் திரும்பும். அப்படியானால் ‘டையிங் முடிந்தது’ என்ற சீட்டு எந்த ஆர்டருக்குச் சொந்தம்?

ஆர்டர், லாட், சரக்கோடு போகும் சீட்டான சலான் மூன்றையும் தனித்தனிப் பொருளாக எடுத்து, எது எதோடு சேரும் என்று வரைந்தோம். கணினி அறிஞர் பீட்டர் சென் 1976-ல் தந்த பொருள்–உறவுப் படம்தான். உறவைச் சொல்லும், எது எப்போது மாறும் என்று சொல்லாது. அதனால் ஒவ்வொரு பொருளுக்கும் நிலைகளை எழுதிவிட்டு, சுவரிலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்து, அது மாற்றும் நிலைக்குப் பக்கத்தில் ஒட்டினோம். ‘டையிங் முடிந்தது’ சீட்டுக்கு நகல் எடுக்க வேண்டியதாயிற்று: லாட்டுக்கு ஒன்று, ஆர்டருக்கு ஒன்று. டேட்டாபேஸிலும் ஒரு நிகழ்வுக்குப் பல பொருள் என்றே வைத்தோம். எந்த நிலையையும் மாற்றாத ‘மெர்ச்சண்டைசர் (ஆர்டரைக் கவனிப்பவர்) போன் செய்தார்’ வகையறா குப்பைக்குப் போனது.

அதைவிடப் பயன்பட்டது, சீட்டே வராமல் காலியாக நின்ற நிலைகள். சலானில் ‘கணக்கு தீர்ந்தது’ என்று ஒன்று இருந்தது. சாயம் போட்டு வரும் துணி அனுப்பிய எடைக்கு வராது. பிராசஸ் லாஸ் போகும். எத்தனை சதவீதம் வரை ஒப்புக்கொள்வது, யார் கையெழுத்துப் போடுவது என்று சுவரில் ஒரு சீட்டும் இல்லை. சலான்கள் மாதக்கணக்கில் தீராமல் கிடந்ததற்கு அதுதான் காரணம்.

நடக்காமல் போவதற்கும் சீட்டு கிடையாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பவோ அங்கிருந்தே விற்றுப்போகவோ இல்லையென்றால், அனுப்பிய அன்றே சப்ளை செய்ததாகக் கருதி வரி கேட்பார்கள். யாரும் எதுவும் செய்யாத நாளில் எந்த நிகழ்வும் பதிவாகாது. சலானின் நிலையையும் தேதியையும் பார்த்துத்தான் பிடிக்க முடியும்.

செக்கிங், அயர்னிங், பேக்கிங்குக்கு நிலைப்படம் வரையவில்லை. அங்கே ஆர்டர்கள் கலப்பதில்லை; சீட்டு வரிசையே போதுமானதாக இருந்தது.