ட்ரிபிள் செவன் ஓட்டணுமா? வேலூர்ப் பிள்ளைகளுக்கு

"அண்ணா, நேரா பெரிய ப்ளேன் கோர்ஸே சேர்ந்துடலாமா?" ஊருக்கு வந்தால் சத்துவாச்சாரியிலும் குடியாத்தத்திலும் இதே கேள்வி. ட்ரிபிள் செவன், அதாவது போயிங் 777 மாதிரி பெரிய விமானத்துக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது தம்பி. கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்தபின் அதில் ஏற்றிக்கொள்ளும் டைப் ரேட்டிங்தான் அது, குறிப்பிட்ட ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான அனுமதி. பெரும்பாலானவர்கள் ஏ320, 737 என்று சின்ன ஜெட் விமானங்களைச் சில வருஷம் ஓட்டிவிட்டுத்தான் அங்கே வருகிறார்கள். வேலை உறுதியாகாமல் கைக்காசு போட்டு 777 ரேட்டிங் எடுக்காதீர்கள், ஏஜென்ட் என்ன சொன்னாலும் சரி.

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் இரண்டும் வேண்டும். ஃப்ளையிங் ஸ்கூலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே மெடிக்கலை முடியுங்கள். கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ நடத்தும் தேர்வுத் தாள்களில் 70 சதவீதம் வாங்க வேண்டும். கமர்ஷியல் லைசென்ஸுக்குப் பறந்த கணக்கு 200 மணி நேரம்.

மீட்டியாராலஜி என்கிற வானிலைப் பாடத்தையும், விமானத்தின் திறனைக் கணக்கிடும் பெர்ஃபார்மன்ஸ் பாடத்தையும் நெட்டுரு போடாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் நம்ம வேலூர் விமான நிலையத்து அப்துல்லாபுரம் ஓடுபாதை எப்படிக் கொதிக்கும் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். சூட்டில் காற்றின் அடர்த்தி குறையும். இறக்கையின் தூக்குவிசையும் எஞ்சினின் உந்துவிசையும் சேர்ந்தே குறையும். மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். நம்ம ஊர் வெயிலுக்கு இந்த ஒரு உபயோகமாவது இருக்கட்டும்.

டைப் ரேட்டிங்கில் சிமுலேட்டர் ஏறும் முன்பே கை பழகியிருக்க வேண்டும். காக்பிட் போஸ்டரைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு சுவிட்சையும் வரிசையாகத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லிப் பழகினேன். டேக்-ஆஃபை நிறுத்த முடிவெடுப்பதற்கான கடைசி வேகம்தான் வி-ஒன். அதைத் தாண்டி ஒரு எஞ்சின் நின்றால் ஏறத்தான் வேண்டும். அப்போது விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். 777இல் டிஏசி என்ற அமைப்பு, அதைச் சமாளிக்க வாலில் உள்ள சுக்கானான ரடரைத் தானே தள்ளிக்கொடுக்கும். அது வேலை செய்யாத நிலையிலும் ரடர் பெடலை மிதிக்கக் கால் பழகியிருக்க வேண்டும். பறக்கும் பாதையைப் பிடித்து, சக்கரங்களான கியரை உள்ளே தூக்கி, 400 அடி வரை வேறெதிலும் கை வைக்கக் கூடாது. அந்தச் சில நொடி சும்மா இருப்பதுதான் கஷ்டம்.

தரையில் திருப்புவதும் புதுசு. 777-300இஆரில் மூக்குச் சக்கரத்துக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவே 31 மீட்டர். நாம் உட்காருவதோ மூக்குச் சக்கரத்துக்கும் முன்னால். திருப்பத்தில் தரையில் வரைந்திருக்கும் மஞ்சள் கோட்டை நாம் தாண்டிப் போன பிறகுதான் திருப்ப வேண்டும், இல்லையென்றால் பின் சக்கரம் புல்லில் இறங்கிவிடும்.

கேப்டனாக வேண்டுமென்றால் ஏடிபிஎல் என்ற மேல்நிலை பைலட் லைசென்ஸ், அதற்கு 1500 மணி நேரம். நீண்ட தூரப் பறப்பில் மணி நேரம் மளமளவென்று ஏறும், லேண்டிங் ஏறாது. ஒரு விமானத்தில் நான்கு பைலட், ஒரே ஒரு லேண்டிங். தொடர்ந்து ஓட்ட 90 நாளில் மூன்று டேக்-ஆஃப், மூன்று லேண்டிங் கணக்கு காட்ட வேண்டும், அது முடியாமல் சீனியர்களே சிமுலேட்டருக்கு ஓடி வருவார்கள்.