அகப்பை

மே 7
லீவு கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று.

மே 9
அக்கா கூப்பிட்டாள். அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் 22-ஆம் தேதி. "நீ எப்ப வர்றே?" சொல்கிறேன் என்றேன்.

மே 11
இங்கே ஜப்பானில், மட்சுசாகா ஊரில், இசே கோயிலுக்கு யாத்திரை போகும் பழைய சாலை வழியே நெடுநேரம் நடந்தேன். 1705-இல் 50 நாளில் 36 லட்சம் பேர் இசே கோயிலுக்குப் போனதாக இந்த ஊர் அறிஞர் மொத்தோரி நொரினாகா எழுதி வைத்திருக்கிறார். நாளுக்கு 70,000-க்கு மேல் வருகிறது. அதில் எத்தனையோ கடைப் பையன்கள், வேலைக்காரப் பெண்கள், முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியவர்கள். 'நுகே-மாயிரி' என்பார்கள்: நழுவிப் போய்க் கும்பிடுவது. 1830-இல் மறுபடியும் இப்படிக் கூட்டம் கிளம்பியபோது கையில் ஆளுக்கோர் அகப்பை. நீட்டினால் வழியில் யாராவது சோறோ காசோ போடுவார்கள்.

மே 12
பதில் இல்லை.

மே 14
வயலெல்லாம் தண்ணீர், நடவு நடக்கிறது. 1705-இல் அவர்கள் போனதும் நடவு நேரத்தில்தான். போய்வந்ததற்கு அடையாளமாகக் கோயில் தாயத்தோடு திரும்பி வந்தவனைத் தண்டிக்காமல் விடுவது வழக்கம். இசேயில் இருக்கும் சூரிய தேவி அமதெராசுவைப் பார்க்கப் போனவனை யார் அடிப்பது? சரி. ஆனால் போனவர்களுக்குத்தான் கணக்கு இருக்கிறது. ஓடிப்போனவன் பங்கு நாற்றை யார் நட்டார்கள்? இன்று முழுக்க இதேதான் மண்டைக்குள். என் ஷிப்ட் அந்த நேபாளத்துத் தம்பி தலையில்தான் விழும். அவனுக்கும் ஊரில் அம்மா இருக்கிறாள்.

மே 15
தூக்கம் வரவில்லை. இசேக்குப் போனவர்களுக்கு வழியில் வசதியானவர்கள் அரிசியும் வைக்கோல் செருப்பும் சும்மா கொடுத்தார்கள். பக்தி உண்டு. கொடுக்காவிட்டால் கூட்டம் கடைக்குள் புகுந்துவிடும் என்ற பயமும் உண்டு. வாங்கிச் சாப்பிட்டவனுக்கு வயிறு நிறைந்தது, எனக்கு அது போதும். ஊரைக் கேட்டு முறையாகப் போகிறவர்களுக்கு 'இசே-கோ' என்ற யாத்திரைக் குழு இருந்தது. எல்லாரும் பணம் போட்டு, குலுக்கலில் பெயர் வந்தவரை அனுப்புவது. நம் ஊர்ச் சீட்டேதான். சீட்டுக் கட்டக் காசில்லாதவனுக்குத்தான் அகப்பை.

மே 17
பதில் வந்தது. ஜூனில் பார்க்கலாமாம்.

இசேயின் இரண்டு பெரிய கோயில்களில் ஒன்றான வெளிக்கோயிலின் வடக்கு வாசலில் அகப்பையை விட்டுவிட்டுப் போவார்களாம். அப்படியானால் திரும்பும் வழியில் எதை நீட்டினார்கள்?

மே 18
தம்பியிடம் சொன்னேன். பேசாமல் நின்றான். அப்புறம், எத்தனை நாள் என்று கேட்டான். எட்டு என்றேன். கையுறையைப் போட்டுக்கொண்டு மிஷின் பக்கம் போய்விட்டான்.

மே 19
பெட்டி கட்டிவிட்டேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.