தாத்தா எந்த வருஷம் அமெரிக்கர் ஆனார்?

என் கணவருக்குப் பரம்பரை வழியாக ஜெர்மன் குடியுரிமை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, ஒரே ஒரு தேதி தேவைப்பட்டது. அவருடைய தாத்தா அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தேதி. மாமனார் அமெரிக்காவின் மில்வாக்கியில் பிறந்தது 1936-இல். தாத்தா அதற்கு முன்பே அமெரிக்கர் ஆகியிருந்தால் ஜெர்மன் குடியுரிமை அப்போதே போயிருக்கும், கதை முடிந்தது. பிறகுதான் என்றால், மாமனார் பிறக்கும்போதே ஜெர்மானியரும்கூட. அவர் மகனும் அப்படியே.

மாமனாரைக் கேட்டோம். "கப்பலை விட்டு இறங்கினதும் அப்பா செய்த முதல் வேலையே அதுதான்" என்றார் பெருமையாக. அந்த வீட்டில் எல்லோரும் இதையே சொல்வார்கள். தாத்தா வந்தது 1925-இல். குறைந்தது ஐந்து வருஷம் இங்கே வசிக்காமல் குடியுரிமை கிடையாது என்பது அப்போதைய சட்டம். நான் வாயைத் திறக்கவில்லை.

தாத்தாவின் மரப்பெட்டி இன்னும் கராஜில் இருக்கிறது. ஜெர்மனியில் வூர்ட்டம்பர்க் பக்கத்துத் தச்சர் அவர். இங்கே வந்து வார்ப்படத் தொழிற்சாலையில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சுக்கான மர மாதிரி, செய்யும் வேலைக்குப் போனார். பெட்டிக்குள் உளிகள், இழைப்புளிகளோடு ஓர் அளவுகோல். "அப்பாவின் தப்பான ஸ்கேல், ஏன் வைத்திருந்தாரோ" என்றார் மாமனார். வாங்கிப் பார்த்தேன். அடிக்கு அரைக்கால் அங்குலம் கூடுதலாக இருந்தது. என் அப்பா கோயமுத்தூரில் ஃபவுண்டரியில் இருந்தவர், அதனால் எனக்குத் தெரியும்: வார்ப்பிரும்பு ஆறும்போது அந்த அளவுக்குச் சுருங்கும், ஆகவே மரப் பேட்டர்னை அந்தக் கோலால் அளந்து பெரிதாகச் செய்வார்கள். அந்தப் பெட்டியிலேயே சரியான ஸ்கேல் அதுதான் என்றேன். எண்பத்தெட்டு வயதில் மனிதருக்கு அப்படி ஒரு சிரிப்பு.

பெட்டியின் அடியில்தான் அவர் தொழில் கற்று முடித்ததற்கான சான்றிதழும் கிடைத்தது. பிறந்த தேதி, 1901. ஊர்ப்பெயர் குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில். அதில் 'e' எழுத்து பார்ப்பதற்கு 'n' மாதிரியே இருக்கும். நாங்கள் தப்பாகப் படித்து, சம்பந்தமே இல்லாத ஊருக்கு எழுதி, "இப்படி ஒருவர் இங்கே பிறக்கவில்லை" என்று மரியாதையான பதில் வாங்கினோம். இரண்டு மாதம் வீண். சரியான ஊருக்கு எழுதும்போது இன்னொன்றும் தெரிந்தது: பிறப்புப் பதிவேடு 110 வருஷம் வரைதான் பதிவு அலுவலகத்தில் இருக்கும், பிறகு ஆவணக் காப்பகத்துக்குப் போய்விடும். 1901 என்றால் நேராகக் காப்பகத்தைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்கப் பக்கம் இன்னும் சுற்றல். நீதிமன்றப் பதிவில் கிடைத்தது 1926-இல் அவர் கொடுத்த 'முதல் காகிதம்' மட்டுமே. குடிமகனாக விரும்புகிறேன் என்ற அறிவிப்பு; ஏழு வருஷத்துக்குள் மனு போடாவிட்டால் செல்லாது. 1933-க்குள் மனு எதுவும் இல்லை. அந்த வருஷங்களில் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை கிடைத்தாலே அதிகம் என்று பாட்டி சொல்வாராம். அதற்கு மேல் காரணம் தெரியவில்லை.

கடைசியில் மத்தியக் குடியேற்றத் துறையின் வம்சாவளிப் பிரிவுக்கு விண்ணப்பித்தோம். கோப்பு இருக்கிறதா என்று தேட ஒரு கட்டணம், நகல் எடுக்க இன்னொன்று. பல மாதம் கழித்து வந்தது. 1940 டிசம்பரில் அந்நியராகப் பதிந்துகொண்ட படிவம். அந்த வருஷம் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட வெளிநாட்டவர் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டியிருந்தது. அதன் பின்னால் குடியுரிமைச் சான்றிதழ். 1946.

என் கணவர் குதித்தார். மாமனார் பிறப்பாலேயே அமெரிக்கர் என்பதால், தாத்தா 1946-இல் மாறியது அவருடைய ஜெர்மன் குடியுரிமையைத் தொடாது. அந்த வாரமே படிவம் எஃப், முன்னோர்களுக்கான இணைப்பு வி எல்லாம் ஜெர்மன் மொழியில் நிரப்பி, தூதரகத்தில் நகல்களுக்குச் சான்று வாங்கி, குடியுரிமை விண்ணப்பங்களைப் பார்க்கும் ஜெர்மன் அலுவலகம் இருக்கும் கொலோனுக்கு அனுப்பியாயிற்று. இனி வருஷக்கணக்கில் காத்திருப்பு என்கிறார்கள்.

மாமனார் மட்டும் அந்த 1940 காகிதத்தைக் கீழே வைக்கவில்லை. "அப்படியானால் யுத்த சமயத்தில் அப்பா யார்?" என்று கேட்டார்.

எதிரி நாட்டவர் என்றேன். படம் ஒட்டிய அடையாளப் புத்தகத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். 1942 தொடக்கத்தில் கேமராவையும் சிற்றலை ரேடியோவையும் போலீஸில் ஒப்படைக்கச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் ரேடியோ ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்றுதான் அம்மா சொன்னாள். நான் தினமும் கேட்பேன், எப்போது வரும் என்று" என்றார்.