வேடியப்பன் கல்லும் போர்த் தண்ணியும்

தருமபுரிச் சீமையில் ஊருக்கு ஊர் ஒரு வேடியப்பன் கோயில் இருக்கும். எட்டிப் பார்த்தால் உள்ளே பெரும்பாலும் ஒரு நடுகல். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு நட்ட கல். பல்லவர் காலத்து வட்டெழுத்தோடு இன்றும் பூசை வாங்குகிற கற்கள் உண்டு. சனங்கள் சாமியாக்கிக் கும்பிட்டதால்தான் இவை பிழைத்தன. அதனாலேயே இந்தக் கற்கள் மேல் எனக்குத் தீராத பிரியம்.

முதலில் போனது தருமபுரி கோட்டைக் கோயில். மல்லிகார்ச்சுனர் சன்னதியில் வருகிறவர்கள் எல்லாம் தொங்கும் தூணைப் பார்க்கிறார்கள். நான் காமாட்சியம்மன் கோயிலின் அடித்தளத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டேன். ராமாயணக் காட்சிகளைச் சின்னச் சின்னதாகச் செதுக்கி ஓடவிட்டிருக்கிறார்கள். தரையை ஒட்டிய இந்தப் பகுதிதான் எந்தக் கோயிலிலும் ஓதம் முதலில் ஏறுகிற இடம்.

மண்ணின் ஈரம் கல்லின் நுண்துளை வழியே மேலேறும். வெயில் பட்டுத் தண்ணீர் ஆவியாக, அதில் கரைந்து வந்த உப்பு அங்கேயே தங்கும். வெளியே பூத்தால் துடைத்துவிடலாம். தோலுக்கு அடியில் படிகமானால் கல்லின் தோலையே நெட்டித் தள்ளும். சோடியம் சல்பேட் ஈரம் குடித்துப் பருக்கும்போது கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். மணற்கல் அளவுக்குக் கருங்கல் தண்ணீர் குடிக்காது, ஆனால் நுண்விரிசல் இல்லாத கருங்கல் கிடையாது. ஒருநாள் கொட்டித் தீர்க்கும் மழை, அடுத்து வாரக்கணக்கில் கொளுத்தும் வெயில் என்று பருவம் மாறிவிட்ட காலத்தில், நனைந்து காய்கிற ஒவ்வொரு முறையும் அந்த உப்பு கரைந்து மறுபடி படிகமாகிறது.

எகிப்தில் லக்சர், கர்னாக் கோயில்களின் மணற்கல் தூண்கள் அடியில் பொரிந்துபோனது இப்படித்தான். 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின் வருஷம் முழுக்கப் பாசனம் நடந்து நிலத்தடி நீர் மேலே வந்தது. நம் பக்கம் நிலத்தடி நீர் கீழே ஓடிவிட்டது. ஆழத்துப் பாறை நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது! அப்படியிருந்தும் கல் ஏன் பொரிகிறது என்ற கேள்விக்குப் பென்னாகரம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு ஊரில் விடை கிடைத்தது.

இடுப்பளவு உயரப் பலகைக்கல். வில்லேந்திய வீரன், காலருகே இரண்டு மாடுகள். கல்லைச் சுற்றி வீரனின் கணுக்கால் வரை சிமெண்ட் போட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். சிமெண்டுக்கு மேலே நாலு விரல் அகலத்துக்கு வெள்ளைக்கோடு. பூசை செய்கிற பெரியவர் அனுமதித்ததும் குனிந்து பார்த்தேன். ஒரு மாட்டின் கொம்பு இருந்த இடத்தில் கல் அவல் போல இளகி நின்றது. தொடக்கூட மனசு வரவில்லை.

“முன்னெல்லாம் கெணத்துத் தண்ணிதாங்க தம்பி சாமிக்கு. கெணறு வத்திப்போச்சு. இப்ப போரு, எண்ணூறு அடி. வாயில வெக்க முடியல, அப்பிடிக் கரிக்குது. என்ன பண்றது, அதுலதான் தெனமும் கழுவுறோம்” என்றார்.

தரைக்குள் இறங்கிப்போன நீர், மோட்டார் வழியாக உப்போடு வந்து தினமும் வீரன் தலையில் விழுகிறது. கீழே இறங்கி மண்ணில் காய வேண்டிய ஈரத்தை டைல்ஸ் மறிக்கிறது. அதற்குப் போக்கிடம் கல் ஒன்றுதான். சிமெண்டும் தன் பங்குக்குச் சல்பேட்டைக் கசியவிடும். சுண்ணாம்புக் காரையாக இருந்தால் ஈரம் அதன் வழியாகவாவது வெளியேறியிருக்கும்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மல்லச்சந்திரத்தில் மொட்டைப் பாறைமேல் நிற்கும் கல்திட்டைகளை, பலகைக் கற்களால் கட்டிய பழங்கால ஈமச் சின்னங்களை, நினைத்துக்கொண்டேன். நடுகற்களுக்கும் மூத்தவை. மழை விழுந்தால் பாறையில் வழிந்து ஓடிவிடும், அடியில் ஈரம் தேங்க மண்ணே இல்லை.

பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டைல்ஸைப் பெயர்க்க ஊர் சம்மதிக்காது, போன வருஷம்தான் வரி போட்டு ஒட்டியது என்றார். கல்லைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் சிமெண்டை எடுத்துவிட்டு மணலும் ஜல்லியும் போடலாமா என்று கேட்டேன். மிஷின் வைக்காமல் கையுளியால் எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். யோசித்தார். திருவிழாவுக்கு முன்னால் கொத்தனார் வருவார், ஊர்க்கவுண்டரிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். அபிசேகத்துக்குக் கோயில் கூரையில் விழும் மழைத் தண்ணியைத் தொட்டியில் பிடிக்கலாமே என்றதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்.